ஜனாஸாவுக்கு முன்னரே வரவேண்டிய கூட்டம்



கூடலூரிலிருந்து மைசூர் செல்லும் சாலையில் சுமார் 18 கிலோமீட்டர் வந்தால் தெப்பக்காடு. அங்கே சாலை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று பந்திப்பூர் காட்டினூடே கர்நாடகத்திற்குச் செல்கிறது. மற்றொன்று மாயாற்றைக் கடந்து மசினகுடிக்குப் போகிறது. சென்ற ஆண்டு ஏறத்தாழ ஏழு மாதங்கள், வியாழக்கிழமைதோறும் மத்ரஸா வகுப்புகளை முடித்துக்கொண்டு நான் அந்தப் பிரிவில் இறங்கி, மசினகுடி வண்டிக்காகக் காத்து நின்றேன். மசினகுடியில் என் அண்ணன் வீட்டில் எங்கள் அத்தா படுத்த படுக்கையாக இருந்தார். குடலில் தொடங்கிய புற்றுநோய் ஈரலுக்கும் பரவிவிட்டது. இனி அறுவைக்கும் மருந்துக்கும் இடமில்லை, வீட்டில் வைத்து வலியில்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவர்கள் அனுப்பிவிட்டார்கள்.

வண்டிக்குக் காத்திருக்கும் நேரத்தில் தெப்பக்காட்டில் பார்ப்பதற்கு யானைகளைத் தவிர வேறென்ன இருக்கிறது? கேழ்வரகும் கொள்ளும் சோறும் வெல்லமும் சேர்த்துப் பிசைந்த கவளங்களை முகாம் யானைகளுக்கு ஊட்டுவதைக் காணச் சுற்றுலாப் பயணிகள் மாலையில் திரள்வார்கள். 2023இல் ஆஸ்கர் விருது பெற்ற ஆவணப்படத்திற்குப் பின் தெப்பக்காட்டின் பெயர் உலகெங்கும் தெரிந்துவிட்டது. தாயைப் பிரிந்த யானைக்குட்டிகளைத் தம் பிள்ளைகளாக வளர்த்த பொம்மன், பெள்ளி தம்பதியரைப் பற்றிய படம் அது. அதே ஆண்டு தமிழக அரசு பெள்ளி அவர்களை முதல் பெண் காவடியாகப் பணியமர்த்தியது. காவடி என்பவர் பாகனுக்குத் துணையாள். இந்த முகாமில் ஒரு யானைக்கு ஒரு பாகன், ஒரு காவடி என இருவர். குளிப்பாட்டவும் ஊட்டவும், காட்டில் மேயவிட்ட யானையைக் காலையில் தேடிக் கொண்டுவரவும் இருவர். ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் மற்றவர் இருப்பார். ஓர் உயிரை இரவும் பகலும் பராமரிக்கும் வேலை தனியொருவரால் ஆகாது என்பது காட்டிலாகாவுக்குத் தெரிந்திருக்கிறது.

எங்கள் அத்தாவுக்கு இருந்தது ஒருவர்தான். என் மதினி.

அண்ணன் ஜீப் ஓட்டுபவர். விடியுமுன் புறப்பட்டால் இருட்டிய பிறகே வீடு திரும்புவார். நான் கூடலூரில் ஓதிக்கொடுப்பவன். தங்கை திருமணமாகி வெளியூரில் இருக்கிறாள். ஆக, மதினியின் தலையில் எல்லாம் விழுந்தது. படுக்கைப் புண் வராதிருக்க இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை அத்தாவைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். சிறுநீர்ப் பையைக் காலி செய்ய வேண்டும். வறண்ட வாயை நனைத்த துணியால் துடைக்க வேண்டும். நான்கு மணி நேரத்திற்கொரு மாத்திரை. துணி துவைப்பு. நடுவே மூன்று பிள்ளைகளின் பள்ளிக்கூடம், அடுப்பு, வருகிறவர்களுக்குத் தேநீர். ஒருநாள் விளையாட்டாக எண்ணிப் பார்த்தாராம்: நோயாளியைப் பார்க்க வந்தவர்களுக்கென்று அன்று அவர் போட்ட தேநீர் இருபத்தாறு கோப்பை. வந்தவர்களில் ஒருவர்கூட, நீ சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை.

பிறரைக் குறைசொல்லி எழுத நான் தகுதியுடையவன் அல்லன். கூடலூரில் ஒரு வியாழன் லுஹருக்குப் பின் பெற்றோரின் உரிமைகள் குறித்து முக்கால் மணி நேரம் பயான் செய்துவிட்டு மசினகுடிக்கு வந்தேன். கேட்டவர்கள் சிலர் கண்கலங்கியதில் எனக்குள் ஒரு திருப்தியும் இருந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் மதினி, "தம்பி, ரெண்டு மணி நேரம் மாமா பக்கத்துல உக்காருறீங்களா? நான் கொஞ்சம் கண்ணை மூடிக்கிறேன்" என்றார். "இஷா தொழுதுட்டு வந்துடுறேன், மதினி" என்று பள்ளிவாசலுக்குப் போனேன். தொழுகை முடிந்தபின் தெரிந்தவர்களோடு பேச்சு நீண்டது. திரும்பி வந்தபோது மணி பத்து. மதினி தரையில் உட்கார்ந்தபடியே, அத்தாவின் கட்டில் சட்டத்தில் ஒரு கையை வைத்துக்கொண்டு உறங்கியிருந்தார். இன்னொரு கையில் அத்தாவின் ஈரத்துணி. மதியம் நான் பேசிய பயானின் ஒரு சொல்லும் எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை.

நான் ஓதிக்கொடுக்கும் வரலாற்றில் ஒரு நிகழ்வு உண்டு. பல ஆண்டுகள் அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லியும், அதன் கனம் எனக்குப் புரிந்திருக்கவில்லை. ஹிஜ்ரி 2ஆம் ஆண்டு ரமளானில் பத்ருக்குப் புறப்பட்ட வேளையில் நபி (ஸல்) அவர்களின் மகளார் ருகையா (ரலி) கடும் நோயுற்றிருந்தார்கள். அவர்களின் கணவர் உஸ்மான் (ரலி) அவர்களைப் படையோடு வரவேண்டாம், மனைவியின் அருகில் இருங்கள் என்று நபியவர்கள் நிறுத்திவிட்டார்கள். பத்ரில் கலந்துகொண்ட ஒருவருக்குரிய நற்கூலியும் உங்களுக்கு உண்டு, போர்ப்பொருளில் பங்கும் உண்டு என்றார்கள். வெற்றிச் செய்தி மதீனாவை எட்டிய நேரத்தில் ருகையா (ரலி) அவர்களின் கப்ரில் மண் சமன் செய்துகொண்டிருந்தார்கள். இது புகாரியில் இடம்பெற்றுள்ள செய்திகளோடு சீறா நூல்கள் சேர்த்துத் தரும் வரலாறு.

முஸ்லிம்கள் எண்ணிக்கையில் மிகக் குறைவாக இருந்த நாள் அது. ஒரு வீரரின் வாளும் தேவைப்பட்ட நாள். அன்று ஆற்றலுள்ள ஓர் ஆண்மகனை நோயாளியின் படுக்கையருகில் அமர்த்தினார்கள் நம் நபி. அமர்ந்தவர் உஸ்மான், மூன்றாம் கலீஃபா ஆகவிருந்தவர். மருந்து கொடுக்கும் வேலை பெண்களுடையது, நாம் வெளியுலக வேலையைப் பார்ப்போம் என்று அவரும் சொல்லவில்லை. பத்ருப்படைக்கு நிகரான இடத்தை நபியவர்கள் அந்தப் படுக்கையறைக்குத் தந்தார்கள் என்றால், நம் வீடுகளில் அந்த அறையில் இருப்பவரை நாம் எங்கே வைத்திருக்கிறோம்?

இனி நான் சொல்லப்போவதைக் கேட்டால் சில வீடுகளில் கோபம் வரும் என்பது எனக்குத் தெரியும். பெற்றோருக்குப் பணிவிடை செய்வது மகன் மீதும் மகள் மீதும் கடமை. மருமகள் மாமனாருக்கும் மாமியாருக்கும் செய்வது ஷரீஅத்தில் அவர் மீது சுமத்தப்பட்ட கடமை அன்று. அது அவர் செய்யும் இஹ்ஸான், உபகாரம். அதற்கு அல்லாஹ்விடம் பெரும் கூலி உண்டு என்று நம்புகிறோம். ஆனால் உபகாரத்தைக் கடமையென்று சொல்லி வாங்குவதும், கடமையைச் சம்பாத்தியத்தின் பெயரால் தட்டிக்கழிப்பதும் ஒன்றோடொன்று சேர்ந்தே நடக்கின்றன. அவ்ரத்தின் சட்டத்தையும் இங்கே நினைவூட்ட வேண்டும். மருமகளுக்கு மாமனார் மஹ்ரம்தான். எனினும் தொப்புளுக்கும் முழங்காலுக்கும் இடைப்பட்ட பகுதியைக் கழுவித் துடைக்கும் வேலை, ஆண் நோயாளிக்கு ஆணே செய்ய வேண்டியது. வேறு ஆளில்லாத நிர்ப்பந்தத்தில்தான் மற்றவருக்கு அனுமதி. மகன்கள் இருவர் உயிரோடு இருக்கும் வீட்டில் அந்த நிர்ப்பந்தம் எங்கிருந்து வந்தது? ஹிஜாப் குறித்து மேடையில் உரத்துப் பேசும் நாம், நோயுற்ற தந்தையைக் குளிப்பாட்டும் நேரத்தில் மட்டும் அந்தச் சட்டத்தை மறந்துவிடுகிறோம். என்னையும் சேர்த்தே சொல்கிறேன். அந்த இரவுக்குப் பிறகுதான் வியாழன் மாலையும் வெள்ளி காலையும் அத்தாவின் குளியலை நான் ஏற்றுக்கொண்டேன். மற்ற நாட்களில் அண்ணன், ஜீப்பை எடுக்குமுன்.

முதல்நாள் என் கை நடுங்கியது. அத்தாவும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூன்றாம் வாரம், நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது மாயாற்றில் என்னைக் குளிப்பாட்டியதைப் பற்றி அவரே பேசினார்.

பராமரிப்பவரின் மார்க்கக் கவலைகள் வேறு. மதினிக்கு இரண்டு தொழுகைகள் தவறி களாவாகிவிட்ட ஒரு நாளில் அவர் அழுததை அண்ணன் சொன்னார். உடையில் அசுத்தம் பட்டுக்கொண்டே இருக்கிறது, எத்தனை முறை மாற்றுவது என்ற சஞ்சலம். இதற்கு வீட்டில் தொழுகைக்கென்று ஓர் உடையைத் தனியே வைத்துக்கொண்டால் போதும். அதைவிட எளிய வழி, தொழுகை நேரத்தில் கால் மணி நேரம் நோயாளியைப் பார்த்துக்கொள்ள இன்னொருவர் இருப்பது. நோயாளிக்கோ மார்க்கம் எத்தனையோ சலுகைகளைத் தந்திருக்கிறது: உட்கார்ந்து, முடியாவிட்டால் படுத்து, அதுவும் முடியாவிட்டால் சைகையால், தண்ணீர் ஆகாதவருக்குத் தயம்மும், சிறுநீர்க் குழாய் பொருத்தப்பட்டவருக்கு ஒவ்வொரு வக்துக்கும் ஓர் உளூ. ஆண்கள் கேட்பது ஜும்ஆவைப் பற்றி. நோயாளியின் அருகில் வேறு எவரும் இல்லாத நிலையில் அவரை விட்டுவிட்டு ஜும்ஆவுக்குப் போகவேண்டியதில்லை என்பது ஃபிக்ஹு நூல்களில் தெளிவாக இருக்கிறது. ஸயீத் இப்னு ஸைத் (ரலி) நோயுற்ற செய்தி ஒரு வெள்ளிக்கிழமை வந்தபோது, ஸுன்னத்தைப் பின்பற்றுவதில் அத்தனை உறுதிகொண்ட இப்னு உமர் (ரலி) ஜும்ஆவை விட்டுவிட்டு அவரிடம் விரைந்தார்கள் என்று புகாரியில் காண்கிறோம். தனியாகப் பார்த்துக்கொள்ளும் ஒருவர் ஜும்ஆவுக்கு வரவில்லை என்றால், அவரைப் பற்றிப் பள்ளித் திண்ணையில் பேசுவதைவிட, அடுத்த வாரம் அவர் வருவதற்காக நம்மில் ஒருவர் அந்தக் கட்டிலருகே உட்காரலாம்.

உணவு விஷயத்தில் நம் மக்கள் படுத்தும் பாடு தனி. கடைசி மாதத்தில் அத்தா இரண்டு கரண்டிக் கஞ்சிக்கு மேல் விழுங்க மறுத்தார். வந்தவர்களோ, பட்டினி போட்டே கொல்கிறீர்கள் என்பதுபோல் பார்த்தார்கள். ஓர் உறவினர் வலுக்கட்டாயமாக ஊட்டிப் புரையேறிப்போய், அன்றிரவெல்லாம் இருமல். உடல் விடைபெறத் தொடங்கும்போது பசி தானே அடங்குகிறது. அந்நிலையில் திணிக்கும் உணவு துன்பத்தையே கூட்டும் என்று வீட்டுக்கு வந்த செவிலியர் விளக்கினார். நமக்கு இது புதிதாக இருக்கவேண்டியதில்லை. நோயாளிகளை உண்ணவும் பருகவும் நிர்ப்பந்திக்க வேண்டாம் என்ற கருத்தில் திர்மிதியிலும் இப்னுமாஜாவிலும் ஹதீஸ் உண்டு. நபி (ஸல்) அவர்களின் இறுதி நோயின்போது, வேண்டாம் என்று அவர்கள் சைகை காட்டியும், நோயாளிக்கு மருந்து கசக்கத்தானே செய்யும் என்றெண்ணி வீட்டார் வாயோரத்தில் மருந்தை ஊற்றினார்கள். தெளிந்தபின் அவர்கள் அதைக் கண்டித்தார்கள். அங்கிருந்த எல்லோர் வாயிலும் அவ்வாறே மருந்து ஊற்றப்பட வேண்டும் என்றார்கள், உடன் இல்லாதிருந்த அப்பாஸ் (ரலி) நீங்கலாக. நோயாளி வேண்டாம் என்பதற்கு மதிப்புண்டு என்பதை இதைவிட எப்படிச் சொல்வது?

வலி மருந்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இந்தக் கேள்வியோடு என்னிடம் வருபவர்கள் அதிகம். மார்ஃபின் அபினியிலிருந்து எடுக்கப்படுவது என்று தெரிந்ததும் அத்தா மாத்திரையைத் துப்பிவிட்டார். போதைப்பொருள் வயிற்றில் இருக்க மவுத்தாகிவிட்டால்? ஸக்ராத்தில் கலிமா நாவில் வராமல் போய்விட்டால்? அவரது அச்சத்தை நான் எள்ளளவும் இகழவில்லை. ஈமானுள்ளவரின் அச்சம் அது. நான் சொன்னேன்: போதைக்காகத் தின்பதற்கும், மருத்துவர் பொறுப்பில் வலியின் அளவறிந்து தருவதற்கும் நிய்யத்திலும் சட்டத்திலும் வேறுபாடு உண்டு, தேவைக்கான மருத்துவத்தில் இதை ஆலிம்கள் அனுமதிக்கிறார்கள். இரண்டு மூன்று நாள் தூக்கக் கலக்கம் இருக்கும், பிறகு பெரும்பாலும் தெளிந்துவிடும் என்று மருத்துவர் சொன்னார், அப்படியே ஆயிற்று. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தவர், அதன்பின்தான் தஸ்பீஹ் மணியைக் கேட்டு வாங்கினார். நோய் பாவங்களைக் கழுவும் என்பது உண்மை. மருந்து தேடுங்கள் என்றதும் அதே நபிதான். வலி அடங்கிய இரவில்தான் மதினியும் தொடர்ந்து மூன்று மணி நேரம் உறங்கினார். நோயாளிக்குத் தரும் வலி மருந்து பராமரிப்பவருக்கும் மருந்துதான். நம் நாட்டில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தினால் மார்ஃபின் நோயாளிகளுக்கு எட்டாக்கனியாகக் கிடந்தது. 2014இல் சட்டம் திருத்தப்பட்டு வழி எளிதாக்கப்பட்டது. ஆயினும் நீலகிரியின் ஒரு மூலையிலிருந்து அதை வாங்கிவருவது எளிதென்று சொல்லமாட்டேன். மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியே ஊட்டிக்கு ஏற 36 கொண்டை ஊசி வளைவுகள். அந்த வளைவுகளில் வலியுள்ள ஒருவரை ஏற்றிச் சென்றவர்களுக்கே தெரியும், வீட்டுக்கு வரும் செவிலியரின் அருமை.

அப்படி ஒருவர் வருவார் என்பதே எங்களுக்கு இரண்டு மாதம் தெரியாமல் போயிற்று. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை, சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்திற்கும் வீட்டில் மாத்திரை தருவது என்றே பலர் நினைத்திருக்கிறார்கள். படுக்கையில் கிடப்பவர்களுக்கு வீட்டிலேயே நோய் ஆதரவுச் சிகிச்சையும், இயன்முறைச் சிகிச்சையும் அதில் அடக்கம். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பெயரைப் பதிவுசெய்யுங்கள். கேட்டால்தான் கிடைக்கும், கேட்பதற்கு வீட்டைவிட்டு வெளியே போகக்கூடிய ஒருவர் வேண்டும். மதினியால் போகமுடியவில்லை. இதைக்கூட ஜமாஅத்தில் ஒருவர் செய்திருக்கலாம்.

ஜமாஅத் என்ற சொல் வந்துவிட்டது. கூடலூரிலிருந்து நாடுகாணி வழியாக மலையிறங்கினால் நிலம்பூர், மலப்புரம் மாவட்டம். நம்மில் பாதிப்பேருக்கு அங்கே சம்பந்திகள் இருக்கிறார்கள். 1993இல் கோழிக்கோட்டில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் போன்றோர் தொடங்கிய வலி நிவாரணச் சங்கம், மருத்துவமனைக்குள் இருந்துகொண்டே இவ்வளவு பேரைப் பார்த்துவிட முடியாது என்று கண்டது. அதன் தொடர்ச்சியாக 2001இல் மலப்புரத்தில் அக்கம்பக்கத்தார் பிணைப்பாக ஒரு முறை உருவாயிற்று. வாரத்தில் இரண்டு மணி நேரமாவது நோயாளிகளுக்கு ஒதுக்க முடிந்தவர் எவரும் தொண்டர் ஆகலாம், பயிற்சி தருவார்கள். கடைக்காரர், ஆட்டோ ஓட்டுநர், கல்லூரி மாணவர், வீட்டுப்பெண்கள் என்று எல்லோரும் சேர்ந்தார்கள். பெரும்பகுதிச் செலவு ஊரார் தரும் சிறு சிறு தொகைகளில் நடந்தது. அங்கே மருத்துவர் மருந்தைப் பார்ப்பார். தொண்டர் அந்த வீட்டில் அரிசி இருக்கிறதா, பிள்ளை பள்ளிக்குப் போகிறதா, பார்த்துக்கொள்பவர் தூங்கினாரா என்று பார்ப்பார். கேரள அரசு 2008இல் இதற்கென்று ஒரு கொள்கையையே வெளியிட்டது. எல்லா மதத்தவரும் சேர்ந்து செய்த பணி அது. எனினும் மலப்புரம் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மாவட்டம் என்பதை எண்ணும்போது, மலையின் இந்தப் பக்கம் இருக்கும் நமக்கு வெட்கமும் ஆசையும் ஒருசேர வருகின்றன.

நம் மஹல்லாக்களில் ஜனாஸா ஏற்பாடுகளுக்குக் குறைவே இல்லை. கபன் துணி, சந்தூக், குளிப்பாட்டுபவர், கப்ர் தோண்டுபவர், அறிவிப்புக்கு ஒலிபெருக்கி, எல்லாம் ஒரு மணி நேரத்தில் தயார். எங்கள் அத்தாவின் ஜனாஸாவுக்கு முந்நூறு பேருக்குக் குறையாமல் வந்தார்கள். அல்லாஹ் அவர்கள் அனைவருக்கும் நற்கூலி தருவானாக. ஏழு மாதங்களில் அந்த முந்நூறு பேரில் முப்பது பேர் ஆளுக்கு ஒரு பிற்பகல் வந்திருந்தால் மதினிக்கு முப்பது பிற்பகல்கள் கிடைத்திருக்கும். ஜனாஸா பர்ளு கிஃபாயா, ஊரில் சிலர் செய்தால் போதும், ஒருவரும் செய்யாவிட்டால் ஊரே குற்றவாளி என்று ஓதிக்கொடுக்கிறோம். நோயாளியைக் கவனிக்க ஆளில்லாத வீட்டைப் பொறுத்தவரை நம் ஃபுகஹாக்கள் இதே வரையறையைத்தான் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பாடத்தை ஏனோ வேகமாகக் கடந்துவிடுகிறோம்.

எங்கள் பகுதியில் இரவில் வருவது இயலாது, ஒப்புக்கொள்கிறேன். இருட்டிவிட்டால் சாலையில் யானை நிற்கும். பந்திப்பூர் வழி இரவு 9 முதல் காலை 6 வரை அடைக்கப்பட்டுவிடும். ஆகவே பகலில்தான் முறைவைக்க வேண்டும். ஜமாஅத் அலுவலகத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் போதும்: எந்த வீட்டில் யார் படுக்கையில் இருக்கிறார், எந்தக் கிழமை எந்த வக்துக்கு யார் போவது. ஆண் நோயாளிக்கு ஆண், பெண் நோயாளிக்குப் பெண். என்னிடம் ஓதும் மூத்த மாணவர்கள் இருவரை இவ்வாண்டு அனுப்பத் தொடங்கியிருக்கிறேன். கிதாபில் படிப்பதைவிட அவர்கள் அங்கே அதிகம் கற்றுவருகிறார்கள் என்று சொன்னால் சக உஸ்தாத்கள் என்மீது வருத்தப்படக்கூடும்.

"எதாவது உதவி வேணும்னா சொல்லுங்க" என்று வாசலில் நின்று சொல்லிப் போகாதீர்கள். களைத்துப்போனவருக்கு உதவியைக் கேட்பதும் ஒரு வேலை. செவ்வாய்க்கிழமை லுஹரிலிருந்து அஸர் வரை நான் இருக்கிறேன், நீங்கள் தூங்குங்கள் என்று சொல்லுங்கள். வரும்போது தேநீர்க் குடுவையை நீங்களே கொண்டுபோங்கள். நாட்டு வைத்தியம் ஒன்று சொல்லவேண்டும் என்று நாக்கு துடித்தால் அடக்கிக்கொள்ளுங்கள். நோயாளியிடம் குறைந்த நேரம் இருங்கள். பார்த்துக்கொள்பவரிடம் கொஞ்சம் கூடுதலாக இருங்கள். வசதியில்லாத வீடாயின், அண்ணனைப்போல் கூலியை விட்டுவிட்டுப் பாதி நாள் வீட்டில் இருப்பவர்களின் வீட்டுக்கு, ஸகாத் பணம் ஏன் போகக்கூடாது? ஏழைகள் என்பதில் அவர்கள் அடங்கமாட்டார்களா?

கடைசி வாரத்தில் ஒரு மாலை, அடுப்படியில் மதினி என்னைத் தனியே அழைத்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "தம்பி, மாமா சீக்கிரம் போய்ச் சேர்ந்துட்டா நல்லதுன்னு எனக்குத் தோணிடுச்சு. இது பாவமா?"

பதினெட்டு ஆண்டுகளாக மார்க்கக் கேள்விகளுக்கு விடை சொல்லி வருகிறேன். இதற்குச் சட்டென்று வாய் வரவில்லை. பிறகு சொன்னேன்: துன்பத்தின் காரணமாக மரணத்தை வேண்டக் கூடாது என்று நபியவர்கள் தடுத்தார்கள், தடுத்ததோடு விடாமல், வாழ்வு எனக்கு நன்மையாக இருக்கும்வரை வாழவை, மரணம் நன்மையாக இருக்கும்போது எடுத்துக்கொள் என்ற கருத்தில் கேட்கவும் கற்றுத் தந்தார்கள். அப்படி ஓர் எண்ணம் மனிதருக்கு வரும் என்று தெரிந்ததனால்தானே அந்த துஆவைத் தந்தார்கள்? மனத்தில் வந்துபோகும் எண்ணத்திற்கு, செயலாகாதவரை, கணக்கில்லை. அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. ஆனால் அந்தக் கேள்வியை எத்தனை வாரங்களாக வயிற்றில் சுமந்திருந்தாரோ; எங்களில் எவரும் அவரிடம் உட்கார்ந்து பேசவில்லை. இப்படிப்பட்ட கேள்வி உங்களில் யாருக்கேனும் இருந்தால், வெட்கப்படாமல் உங்கள் ஊர் ஆலிமிடமோ, அவர் மனைவியிடமோ கேளுங்கள்.

ஒரு திங்கட்கிழமை ஃபஜ்ருக்குப் பின் அத்தா அமைதியாகப் போய்ச் சேர்ந்தார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். மூத்தாப் போரில் ஜஅஃபர் (ரலி) ஷஹீதான செய்தி வந்தபோது, அவர் குடும்பத்தாருக்கு உணவு சமைத்துக் கொடுங்கள், அவர்கள் துயரத்தில் இருக்கிறார்கள் என்று நபி (ஸல்) கூறினார்கள். எங்கள் வீட்டில் இரண்டாம் நாளே அடுப்பு எரிந்தது. வெளியூரிலிருந்து வந்த நாற்பது பேருக்கு ஆக்கிப்போட்டவர் மதினி. சடங்குகள் பற்றிய விவாதத்திற்குள் நான் இப்போது போகவில்லை. ஏழு மாதம் உறங்காதவரை அடுப்பின் முன் நிறுத்தினோம் என்பதை மட்டும் சொல்கிறேன். எல்லோரும் போனபிறகு, பல வாரங்கள் அவர் இரவில் இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை விழித்து, காலியான கட்டிலைப் பார்த்துவிட்டுப் படுத்தாராம். மூன்றாம் மாதம் அவருக்கே இரத்த அழுத்தம் இருப்பது தெரியவந்தது. நோயாளியின் குடும்பத்திற்கு நோயின்போதும், துக்கத்தின்போதும் துணைநிற்பது நோய் ஆதரவுச் சிகிச்சையின் ஒரு பகுதி என்று உலக சுகாதார நிறுவனம் தன் விளக்கத்திலேயே சேர்த்திருக்கிறது. நம்மிடமோ ஜனாஸா முடிந்தால் எல்லாம் முடிந்தது.

இக்கட்டுரையை வெளியிடுமுன் மதினியிடம் வாசித்துக் காட்டி, அவரைப் பற்றி எழுதியதற்கு அனுமதி கேட்டேன். தேநீர்க் கோப்பைக் கணக்கை எடுத்துவிடச் சொன்னார், வந்தவர்கள் மனம் வருந்துவார்கள் என்று; நான் எடுக்கவில்லை, அதற்காக என்னைப் பொறுத்துக்கொள்ளட்டும். அவர் சேர்க்கச் சொன்னது ஒன்று உண்டு. அத்தாவுக்கு வாங்கிய காற்றுப் படுக்கை, கழிப்பறை நாற்காலி, சாய்வுப் பலகை மூன்றும் கழுவிக் காயவைத்து மசினகுடி வீட்டுப் பரணில் இருக்கின்றன. கூடலூர், பந்தலூர், மசினகுடிப் பகுதியில் எந்த வீட்டுக்கு வேண்டுமானாலும், எந்தச் சமூகத்தவராயினும், பள்ளிவாசலில் சொல்லி அனுப்பினால் போதும். அண்ணன் ஜீப்பில் கொண்டுவந்து போட்டுவிடுவார். படுக்கையில் காற்று எப்படி நிரப்புவது, நோயாளியைத் தனியாளாகப் புரட்டாமல் இருவராக எப்படிப் புரட்டுவது என்பதை மதினியே வந்து காட்டித் தருவாராம்.